தொட்டியில் இரண்டு எலிகள்

ஆய்வுக்கூடத்தில் மரகதவல்லி மூளையில் வேலை செய்யும் இரண்டு நியூரோபெப்டைடு மருந்துகளை எலிகளுக்குப் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று நினைவைக் கூட்டும், மற்றது பயத்தைக் குறைக்கும். ஒன்றைத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப முடியும். முதல் மருந்து போட்ட எலி, தொட்டித் தண்ணீருக்குள் மறைந்திருந்த மேடையை நேராகப் போய்ப் பிடித்துவிடும். ஏறியதும் வெடவெடவென்று நடுங்கும். இரண்டாவது எலி மேடையை மறந்து ஆனந்தமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும். சோதனை முடிந்த அன்று, மனசு கேட்காமல் இரண்டையும் ஒன்றாகத் தொட்டியில் விட்டாள். மேடையில் நடுங்கிக்கொண்டிருந்த எலி மறுபடி தண்ணீரில் குதித்து, மற்றதை மூக்கால் முட்டி முட்டி மேடைக்குக் கூட்டி வந்தது. இரண்டும் ஒட்டி உட்கார்ந்தன. நடுக்கம் நின்றது.

“எந்த மருந்தை அனுப்பலாம், மரகதம்?” என்றான் உடன் வேலை செய்யும் ரபீக்.

“மெதுவா பேசு,” என்றாள் அவள். “தூங்கப் போகுதுங்க.”