மாத்திரைமேல் பழி

"இந்த மாத்திரையாலதான் இவ தூக்கமே போச்சு டாக்டர். பகலெல்லாம் தூங்கி வழியறா. கேட்டா, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லங்கறா. வேற எழுதிக் குடுங்க" என்றார் சிமெண்ட் மூட்டை சுமக்கிறவர். பக்கத்தில் அவர் மனைவி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

மனச்சோர்வுக்கு மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம். அதற்கு முன்னால், "வீட்ல சும்மா இருக்கறவளுக்கு மனசு என்ன சரியில்ல?" என்று சிரித்தவர் அவர்தான். ஒரு நாள் அவள், "தூங்கினா எழுந்திருக்கவே கூடாதுன்னு தோணுது" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது.

"மாத்திரை எப்பக் குடுக்கறீங்க?"

"நீங்க சொன்னபடி காலைலதான். சாயங்காலக் காபிய நிறுத்திட்டேன். டிவியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்."

"அத நான் சொல்லலையே" என்று டாக்டர் சிரித்துவிட்டு, அவளிடம் திரும்பினார். "படுத்தா தூக்கம் வரலையாம்மா?"

"வருது டாக்டர். நான்தான் தூங்கறதில்ல."

"ஏன்?"

அவள் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நான் தூங்கறேன்னு நெனச்சு, மணிக்கொரு தரம் இவரு என் மூக்குகிட்ட விரல வெச்சுப் பாக்கறாரு. மூட்டை தூக்கிக் காய்ச்சுப்போன விரலு. மெதுவா விடற மூச்சு அதுக்குத் தெரியாது. மனுஷன் பதறிப்போவாரு. அதான் முழிச்சிருந்து பலமா மூச்சு விடறேன்."

மேசைமேல் இருந்த கைகளை அவர் மெல்ல எடுத்து, மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.