கோட்டைத் தாண்டின மாவு

அக்கா, தூங்கிட்டியா? எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு நாடும் ஒரே சுங்கக் கூட்டணில இருந்தவரைக்கும் நம்ம தெரு நடுவுல எல்லை இருக்குன்னே தெரியாதுல்ல? இப்ப கூட்டணிய விட்டு வெளிய வந்துட்டோம்னு மஞ்சக் கோடு போட்டு கேட் வெச்சுட்டாங்க.

காலைல கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிர்வீட்டு அத்தை நம்ம அரிசியை அரைச்சு, உப்புப் போட்டு, கையால கரைச்சுக் கொடுத்த இட்லி மாவைத் தூக்கிட்டு வந்தேன்.

"வெளிநாட்டு மாவு. கோட்டுக்கு அந்தாண்டயே வை"ன்னார் கேட்ல நின்ன சுங்க ஆபீசர்.

"எங்க வீட்டு அரிசி சார். அரைச்சதும் வெளிநாடா?"

"வாய் ஜாஸ்தி. உன் பாஸைக் குடு."

பாஸ் இல்லாம அத்தைகிட்டப் போக முடியாது. நம்மள வளத்தவங்க, அங்க தனியா இருக்காங்க. ஆனாலும் குடுத்துட்டு, மாவு இருந்த தூக்குவாளி பக்கத்துலயே உக்காந்துட்டேன். வெயில்ல மாவு புளிச்சுப் பொங்கி, மூடியைத் தள்ளி, தரையில வழிஞ்சு, கோட்டைத் தொட்டுச்சு. அவர் பூட்ஸை குறுக்க வெச்சார். பூட்ஸைச் சுத்திக்கிட்டு வந்துச்சு.

"நிறுத்துடி அதை."

"அதுகிட்டயும் பாஸ் கேளுங்க சார்."

பாஸ் இன்னும் அவர்கிட்டதான் இருக்கு. ஆனா அரிசி ஊற வெச்சிருக்கேன், அக்கா. விடிஞ்சதும் அத்தைகிட்ட எடுத்துட்டுப் போகணும்.