தாளாளரின் கால்

பள்ளித் தாளாளர் தெய்வசிகாமணியின் காலில் புண் அழுகத் தொடங்கியிருந்தது. நோயாளி நம்பும் அறிவியல்படியே வைத்தியம் என்பது சட்டம். அதைப் போராடி வாங்கி, அதற்காக மாலையும் போட்டுக்கொண்டவர் அவரே. அவர் பள்ளியில் படித்த டாக்டர் யாழரசி பழைய மாத்திரையையே எழுதினாள்.

"அந்த மாத்திரைக்குப் புண்ணு கேக்கலையேம்மா!"

"கிருமி மாறிடுச்சு சார். புது ஊசி இருக்கு. ஆனா, கடவுள் படைச்ச எதுவும் மாறாதுன்னு சயின்ஸ் பாடத்துல சேர்த்தது நீங்கதானே?"

"அது பிள்ளைங்களுக்கு! இது என் காலு!"

"அப்ப பரிணாமத்தை நம்புறேன்னு கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா காலை எடுக்கணும்."

தாளாளர் குரலைத் தாழ்த்தினார். "போடுறேன். முதல்ல திரையை இழுத்து விடும்மா. பக்கத்துக் கட்டில்ல நம்ம பெற்றோர் சங்கத் தலைவர்."

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "நான் காலையிலேயே கையெழுத்துப் போட்டாச்சு சார். ஊசிக்குத்தான் காத்திருக்கேன்."