மறுபக்கப் பிடி

காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடித்தபோது எல்லாருக்கும் சோடி சேர்ந்துவிட்டது, யோகேந்திரனைத் தவிர.

கொழுந்து வெட்டும் மிஷினை ஒருவர் தனியாகப் பிடிக்க முடியாது. தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் கத்தி ஓடும். எஞ்சின் பக்கம் பிடிப்பவர் அரையடி முன்னால் போவார். மறுபக்கம் பிடிப்பவர் அவர் காலைப் பார்த்துப் பின்னால் வருவார்.

நம்ப முடியாதவனோடு யாரும் சோடி சேர மாட்டார்கள்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தினேஸ்வரன், இவனோடு யார் சேர்வது என்று மறுபடியும் கேட்டான். பிழைக்க வந்த நேபாளத்துப் பையன்கள்கூடத் தரையைப் பார்த்தார்கள்.

யோகேந்திரன் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றான். கடல் தாண்டிப் போய் ஓர் ஆயுத இயக்கத்தில் சேர்ந்தவன். அங்கே பிடிபட்டு, சிறையில் கிடந்து, இங்கே தடுப்புக் காவலிலும் இருந்துவிட்டு, போன வாரம்தான் தாய் சாரதாவின் லைன் வீட்டுக்குத் திரும்பியிருந்தான்.

வேலை இருந்தால்தான் தோட்டத்தில் தங்கலாம் என்பது போலீசின் நிபந்தனை. சோடி கிடைத்தால்தான் வேலை என்பது துரையின் நிபந்தனை. இன்று கிடைக்காவிட்டால் மாலையில் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

சாரதா கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் வழக்கம்போல் கோட்டுப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கொட்டகை மேட்டில்தான் நின்றிருந்தேன். வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் பெரட்டுக்கு வராமல் இருந்ததில்லை.

என் பாட்டனார் இந்த மலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்த கங்காணி. என் அப்பா கங்காணி. நான் வெறும் மண்டோராகத்தான் இருந்தேன் என்றாலும், என்னையும் கங்காணி என்றே கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் நிரையில் இறங்கிக் கை வைத்ததில்லை. யார் பின்னாலும் நடந்ததும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எல்லாரும் மிஷினைப் பார்ப்பதுபோல் காட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. யோகேந்திரனோடு சேர்ந்து போனவன் என் மகன் குணாளன். அவன் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

போலீசிடமும், போன வாரம் என் வீட்டு வாசலிலும் யோகேந்திரன் சொன்னது ஒன்றுதான். குணாளனை அழைத்துப் போனது தான்தான் என்று. தோட்டம் முழுக்க அதை நம்பியது.

அன்று நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

தினேஸ்வரன் அதற்கு மேல் கேட்கவில்லை. மிஷினைக் கொட்டகைக்குள் எடுத்து வைக்கச் சொல்லிக் கை காட்டினான். யோகேந்திரன் குனிந்தான்.

நான் கோட்டைக் கழற்றி, மடித்து, சாரதாவின் கையில் கொடுத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினேன்.

லாரி ஓட்டும் ஷர்வினால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

“வேணாம் லா, தாத்தா. ஒங்க மவன இழுத்துட்டுப் போயி சாகக் குடுத்தவன் இவன். துப்பாக்கி புடிச்ச கையி. இவனுக்கு எதுத்தாப்ல போயா நிப்பீங்க?”

யோகேந்திரன் மறுக்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னேன். பெரட்டில் பேசிப் பேசிப் பழகிய குரல், இன்னும் உடையவில்லை.

“எங்க வீட்டுல யாரும் யாரு பின்னாலயும் போனதில்ல, ஷர்வின். குணாளனும் போகல. போன வழி தப்பு. ஆனா முன்னால போனது எம்மவன். இவன்தான் பின்னால போனான்.”

தூணோரம் சாரதா என் கோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

யோகேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையை உயர்த்தினேன். என் வீட்டுப் பெயரைக் காப்பாற்ற அவன் இவ்வளவு நாள் சொன்ன பொய் போதும்.

தினேஸ்வரன் மரியாதையாக எஞ்சின் பக்கத்தை எனக்கு ஒதுக்கிவிட்டு விலகி நின்றான்.

நான் மிஷினைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கப் பிடியைத் தூக்கினேன்.

“நட,” என்றேன்.