பத்தும் முளைச்சிருச்சு

"இன்னைக்காவது எட்டிப் பாத்துச்சா, டைரி?"

போனில் அண்ணியின் குரல் மெலிந்திருந்தது. அவன் மொட்டை மாடிச் சுவரோரம் வரிசையாக நின்ற பத்துக் காகிதக் கப்புகளைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் 'தக்காளி' என்று அண்ணியின் கையெழுத்தில் ஒரு சீட்டு. எதிலும் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

"இன்னும் இல்ல, அண்ணி. ஒன்பது நாள்தானே ஆகுது."

"ஏழு நாள்ல வந்திருக்கணுமே. சரி, வர்றப்ப வரட்டும். நானும் இங்க அதையேதான் சொல்லிக்கிட்டுப் படுத்திருக்கேன்."

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவன் என்பதால் அண்ணி அவனுக்கு வைத்த பெயர் டைரி. பகலில் ஜெராக்ஸ் கடை வேலை, மாலையில் எலக்ட்ரீஷியன் வகுப்பு. படுக்கை மட்டும் அண்ணன் வீட்டில்.

போன முறை அண்ணிக்கு நாலாம் மாதமே கலைந்துவிட்டது. இந்த முறை ஏழாம் மாதம். மாடியில் கப்புகளோடு உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று வலி எடுக்க, அண்ணன் அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு ஓடினான். பிரசவம் ஆகும்வரை ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படியிறங்கும்போது அண்ணி அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "கப்புக்குத் தண்ணி ஊத்திடு."

போன வருஷம் மாடியில் பிழைத்த ஒரே செடியின் கடைசிப் பழத்து விதை. எண்ணிப் பத்துதான் இருந்தது. "அது முளைச்சா வயித்துல இருக்கறதும் நல்லபடியா வந்துடும்னு அவளா ஒண்ணு நினைச்சுக்கிட்டிருக்காடா" என்று அண்ணன் சொன்னதிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினோராம் நாள் காலை பொறுக்க முடியாமல், ஒரு குச்சியால் கப்பு கப்பாக மண்ணைக் கிளறினான். ஒரு விதைகூடக் கண்ணில் படவில்லை. டைரியை எடுத்தான். 'காலை அரை டம்ளர், மாலை அரை டம்ளர். அதிகம். எல்லாம் அழுகி மண்ணாகிவிட்டது. தவறு என்னுடையது' என்று எழுதி, 'என்னுடையது' என்பதற்குக் கீழே கோடும் போட்டான்.

அப்போது போன் அடித்தது.

"டைரி, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

என்ன கெட்ட செய்தியோ என்று நினைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அண்ணி, முளைச்சிருச்சு."

"என்னது?"

"தக்காளி. பத்தும் முளைச்சிருச்சு."

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "பத்துமா?"

"பத்தும். ரெண்டு ரெண்டு இலை."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். 'மெதுவாம்மா, குலுங்காதீங்க' என்று நர்ஸ் அதட்டுவது இவனுக்கே கேட்டது.

"நல்லாப் பாத்துக்கோ. தினமும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை.

அன்று மாலை வகுப்பை விட்டுவிட்டு நாற்றுக்கடைக்கு ஓடினான். "பதினோரு நாள் வயசு, ரெண்டு இலை, எல்லாம் ஒரே உயரமா பத்து வேணும்."

நாற்றுக்கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நாத்து வாங்க வந்தியா, இல்ல பொண்ணு பாக்க வந்தியா தம்பி?"

இருந்தவற்றில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொடுத்தார். அதன்பிறகு அவன் போனில் சொன்னதெல்லாம் உண்மை. மூன்றாம் செடிக்கு இலை சுருண்டது, பெரிய தொட்டிக்கு மாற்றியது, குச்சி நட்டுக் கட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அண்ணியும் விடவில்லை. "ஏழாம் நம்பர் ஏன் வளரல? திட்டினியா அதை?"

ஏழு வாரம் கழித்து அண்ணி வீட்டுக்கு வந்தாள், பெண் குழந்தையோடு. மாடிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்புயரச் செடிகளில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவனால் அதைத் தாங்க முடியவில்லை. டைரியைப் பிரித்து அவளிடம் நீட்டினான்.

"மன்னிச்சிருங்க, அண்ணி. இது உங்க விதை இல்ல. கடை நாத்து. உங்களோடதைத் தண்ணி ஊத்தியே அழுக விட்டுட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அண்ணி அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தாள். பிறகு தன் பையைத் துழாவி, மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவன் கையில் பிரித்தாள்.

பத்துத் தக்காளி விதைகள்.

"ஒண்ணும் அழுகல. சீட்டு எழுதி ஒட்டின கையோட வலி வந்துடுச்சா, பொட்டலத்தைப் பையில திணிச்சுக்கிட்டு ஓடிட்டேன். போட்டுட்டேன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். பதினோராம் நாள் சீப்பு தேடறப்பதான் கிடைச்சுது."

அவன் விழித்தான். "அப்ப... அன்னைக்கு நான் சொன்னது?"

"வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்தாதேன்னு சொல்லத்தான் அன்னைக்குப் போனே பண்ணேன். பத்தையும் கையில வச்சிக்கிட்டு." அண்ணி குழந்தையை எடுத்து அவன் கைகளில் வைத்தாள். "ரெண்டு ரெண்டு இலைன்னே பாரு, அந்தச் சிரிப்புலதான் இவ பொறந்துடுவான்னு எனக்குத் தைரியமே வந்துச்சு, டைரி."