செல்வமகள் கணக்கு

பாபநாசம் தபால் நிலைய வாசலில் காரை நிறுத்திய வைத்தியலிங்கம், தானே இறங்கி வந்து அம்சவல்லிக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைச் சுருட்டி வெளியே எறிந்தார்.

"நம்ம பண்ணையாள் மருதையன் பொண்ணும்மா. செல்வமகள் கணக்குல வருஷா வருஷம் நான்தான் கட்டிட்டு வர்றேன். இப்ப நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு" என்று கவுண்டரிலிருந்த ஷம்சாத்திடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். வரிசையில் நின்றவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"பதினெட்டு முடிஞ்சிடுச்சுல்ல சார், இனிமே அவங்கதான் கையெழுத்துப் போடணும்."

அம்சவல்லி பாரத்தை வரி விடாமல் படித்தாள்.

"என்னத்தப் படிக்கிற? போடு புள்ள!"

போட்டாள். படிப்புக்கு எடுக்கக்கூடிய பாதிப் பணம் அவளுடைய சேமிப்புக் கணக்கில் ஏறியது.

உடனே அவளை மூலையிலிருந்த பசை மேசைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு சீட்டு வந்தது. பணத்தை அப்படியே அவர் கணக்குக்கு மாற்றும் சீட்டு.

"ஐயா, நாளைக்குள்ள பீஸ் கட்டலைன்னா நர்சிங் சீட்டு போயிடுங்க."

"போனா போவட்டும். ரைஸ்மில் பணம், வரிக்காரன் கண்ணுல படாம உன் பேருல கெடந்துச்சு, அவ்வளவுதான். நடவுக்கு ஆள் இல்லாம நான் அலையுறேன், நீ ஊசி போடப் போறியா?"

வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார்.

"நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப எங்கப்பா ஒரு வேலி நிலத்த உன் தாத்தன் காத்தான் பேருலதான் எழுதி வச்சாரு. திருப்பிக் கேட்டதும் மறுபேச்சு பேசாம கைநாட்டு வச்சான். விசுவாசம்னா அது!"

அம்சவல்லி அந்தச் சீட்டையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

"மேடம், காலேஜ் கணக்குக்குப் பீஸ் அனுப்பணும். பாரம் குடுங்க."

வைத்தியலிங்கத்தின் முகம் கறுத்தது. "ஏய்! உன் தாத்தன் இப்படியா செஞ்சான்?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"எங்க தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க."