பன்னிரண்டு துளைகள்

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

சரியாக இருந்தது.

இருபத்தேழாவது மாடி. கான்கிரீட் கொட்டாத கம்பி வலையின் மேல் நின்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மாடிக்கு நாலு வீடு. ஒரு வீட்டுக்கு மூன்று கழிவறை. ஒவ்வொன்றின் குழாயும் கீழே இறங்க ஒரு துளை.

முப்பத்தொரு மாடிக்கும் சேர்த்து முந்நூற்று எழுபத்திரண்டு கழிவறைகள். எல்லாம் அவள் வரைந்தவை. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

இனி கையெழுத்துதான் பாக்கி. அவள் போட்டால் மத்தியானத்துக்குள் கான்கிரீட் ஏறிவிடும்.

சைட் மேனேஜர் தனசேகரன் பேனாவைத் திறந்தே நீட்டினார்.

அப்போது பின்னால் கலவை சுமக்கும் ஒரு பாண்டுச் சட்டி விழுந்தது.

சட்டி மட்டும் இல்லை.

சித்தாள் பச்சையம்மாள் கம்பிகளின் மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். லிஃப்டுக்காக விட்டிருந்த பள்ளத்துக்கு ஒரு முழம் இப்பால்.

ஒரே ஒரு முழம்.

சட்டி உருண்டு பள்ளத்துக்குள் போனது. அது அடியில் போய் மோதும் சத்தம் வர நேரமாயிற்று.

"வெயில் மேடம்," என்றார் தனசேகரன். "காலையில சாப்பிடாம ஓடி வந்துடுதுங்க. ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சிடும், பாருங்க."

பச்சையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது.

துளைகளை எண்ணிக்கொண்டிருந்தவள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குனிந்து நீட்டினாள்.

பச்சையம்மாள் புறங்கையால் மெல்லத் தள்ளினாள்.

"வேணாம்மா. குடிச்சா எறங்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஆள் ஏறும் கூண்டு காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை, ஆறு மணிக்கு ஒரு தடவை. நடுவில் எல்லாம் அதில் செங்கல்தான் ஏறும். அவசரம் என்றால் படி இருக்கிறது. இருபத்தேழு மாடிப் படி. இறங்கினால் ஒரே ஒரு தகரக் கொட்டகை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே எந்நேரமும் லாரிக்காரர்கள்.

ஆம்பிளைகளுக்கு என்ன, ஒரு மூலை போதும்.

அவள் தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அதன் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். சைட்டுக்குப் போகிற நாளில் விடிகாலைக் காபியோடு சரி. யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே பழகிக்கொண்டாள். பாட்டில் கூடவே வரும், கூடவே வீடு திரும்பும். ஒரு தடவை சிறுநீரகத்தில் கல் அடைத்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் துடித்தாள். அப்போதும் பழக்கம் மாறவில்லை.

ஆபீசில் புதிதாகச் சேரும் பெண்களிடமும் சொல்லுவாள். "சைட்டுன்னா தண்ணிய மறந்துடுங்கடி." சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அவர்களும் சிரிப்பார்கள்.

வரைபடம் காற்றில் படபடத்தது. அதன் வலது மூலையில், எறும்பு போன்ற எழுத்தில், ஒரு வரி.

'வேலையாட்களுக்கான தற்காலிக வசதிகள் ஒப்பந்ததாரர் பொறுப்பு.'

அவளுடைய முதல் கட்டடத்தில் யாரோ எழுதிக் கொடுத்த வரி. அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதையே நகலெடுத்து ஒட்டியிருக்கிறாள். ஒட்டும்போது ஒருநாளும் படித்ததில்லை.

"மேடம், கான்கிரீட் வண்டி வாசல்ல நிக்குது. ரொம்ப நேரம் தாங்காது, இறுகிடும். சைன் மட்டும் போட்டுடுங்க."

பேனாவை வாங்கினாள்.

அந்த வரிக்குக் கீழே ஒரு சின்னச் சதுரம் வரைந்தாள். அதற்கு ஒரு கதவு. கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தாள்.

"நேர் கீழ இருக்கிற மாடியில இது வரட்டும். அப்புறம் சைன்."

தனசேகரன் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"தகரம், தண்ணி, ஆளு... சாயந்திரம் ஆயிடும் மேடம். அதுவரைக்கும் வண்டில இருக்கிறத என் தலையிலயா கொட்டுறது? மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது? நல்லதுக்குச் சொல்றேன், அடுத்த டவருக்கு உங்களக் கூப்பிட மாட்டாரு."

அவர் சொன்னது பொய்யில்லை. அது அவளுக்கும் தெரியும்.

பாட்டில் மூடியைத் திருகினாள். சீல் உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். மிச்சத்தையும் குடித்தாள். ஒரு சொட்டு விடவில்லை.

தனசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுகூட ஆகவில்லை. தூரத்தில் கூண்டு செங்கலோடு ஏறிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு பலகையை இழுத்துப் போட்டுப் பச்சையம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பச்சையம்மாளின் சாப்பாட்டுப் பை அங்கேதான் இருந்தது. அதற்குள் ஒரு பழைய சோடா பாட்டில். வீட்டில் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர், கழுத்து வரை அப்படியே.

அதை எடுத்துப் பச்சையம்மாளின் மடியில் வைத்தாள்.

பச்சையம்மாள் அவள் கையிலிருந்த காலிப் பாட்டிலைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். தனசேகரன் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்வதைப் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. தகரக்காரனையா, முதலாளியையா.

மடியிலிருந்த பாட்டிலின் மூடி மேல் விரலை வைத்தாள்.

இன்னும் திருகவில்லை.